ஒத்து

ஐம்பத்தெட்டில் ஆரம்பிக்கும்.
அறுபத்தைந்தில் தடிக்கும்.
எழுபதைத் தாண்டினால்
ஸ்டீயரிங் வழியாக முழங்கைக்கு ஏறும்.
நாயனக்காரர் வந்துசேராத கல்யாணத்தில்
ஒத்துக்காரர் மட்டும்
ஒரே மூச்சில் ஊதிக்கொண்டிருப்பது போல.

தண்ணீர் ஃபில்டர் சர்வீஸ் எனக்கு.
டிக்கியில் மெம்பரேன், கேண்டில், இரண்டு சுருள் ட்யூப்.
அதில் ஏதோ உருள்கிறதென்று
கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வாசலில்
எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு
வெறும் வண்டியைப் பள்ளத்தூர் வரை ஓட்டிப் பார்த்தேன்.
ஊதியது.
திரும்பி வந்தபோது கேண்டில் ஒன்று குறைந்திருந்தது,
அது வேறு கதை.

ஏசியை நிறுத்தினேன். ஊதியது.
கண்ணாடியை ஏற்றினேன், இறக்கினேன்.
தேவகோட்டை ரஸ்தா தாண்டி, ஆளில்லாத நேர்ச்சாலையில்
நியூட்ரலுக்குத் தள்ளினேன்.
இஞ்சின் தணிந்து முனகலானது.
அது மட்டும் தணியவில்லை.
சரி, இஞ்சின் நிரபராதி.
புதுத் தார், பழைய தார்,
கோட்டையூர்ப் பக்கம் பெயர்ந்துகிடக்கும் ஜல்லி,
எதிலும் சுருதி மாறவில்லை.
டயரையும் விடுதலை செய்தேன்.

"பேரிங்" என்றார் பாதுஷா,
பானெட்டைத் திறக்காமலே.
"எந்தப் பக்கம்ணே?"
"வலது. பின்னால வலது.
சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்றேன்."
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
கழற்றிய பேரிங்கைத் துடைத்து
என் உள்ளங்கையில் வைத்தார்.
சுற்றிப் பார்த்தேன். எண்ணெய் போல வழுக்கிற்று.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

மறுநாள், ஐம்பத்தெட்டில்,
ஒத்துக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க தள்ளிக்கங்க."
பாதுஷா ஓட்டினார். நான் இடப்பக்க சீட்டில்.
"இப்ப எங்கேர்ந்து வருது?"
"உங்ககிட்டேர்ந்து."
பின்சீட்டுக்குப் போகச் சொன்னார்.
"இப்ப?"
"வலதுதான்."
மண்டிபோட்டுப் பின்பக்கம் பார்த்துத் திரும்பச் சொன்னார்.
திரும்பினேன்.
குன்றக்குடி மலை கண்ணாடிக்குள் சிறுத்துக்கொண்டே போனது.
சத்தமும் என்னோடு திரும்பி
வண்டியின் இடப்பக்கத்துக்குப் போயிருந்தது.
எனக்கு வலப்பக்கம்.

வண்டி நின்றது.
பாதுஷா ஒன்றும் சொல்லவில்லை.
சீட்டடியில் கிடந்த பிஸ்கட் கவரை எடுத்து
என் இடக்காதோரம் பிடித்துக் கசக்கினார்.
கசக்குவது தெரிந்தது.

இடது பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி,
ஸ்பிரிங்கில் என் விரல்களை வைத்து,
சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டார்.
குறுமணல் அரைபடுவது
விரல்நுனியில் நரநரவென்று ஏறியது.
"இதுக்குக் காது வேணாம்ணே."
ஆறுதலுக்குச் சொன்னாரா, தெரியாது.
இந்தத் தடவை கூலி வாங்கவில்லை,
சாமான் காசு மட்டும்.

பொன்னழகு என் இடப்பக்கம்தான் உட்காருவாள்.
ஓட்டுகிறவனுக்குப் பெண்டாட்டி
வேறெந்தப் பக்கம் உட்காருவாள்?
சிராவயல், கண்டரமாணிக்கம்,
மகளை ஹாஸ்டலில் விடத் திருச்சி வரை,
அவள் பேசிக்கொண்டே வருவாள்,
நான் 'ம்' கொட்டுவேன்.
எனக்கு முகம் தெரியும், வாய் அசைவது தெரியும்.
எதையெல்லாம் ஒத்துக்கொண்டேனோ.
மச்சினனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சம்மதித்ததாகச்
சத்தியம் செய்கிறாளே,
அது புதுவயல் ரயில்வே கேட்டுக்கு முன்போ பின்போ
நடந்திருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் வண்டி எழுபத்தைந்தில் சும்மா போயிற்று.
டயர் தாரை உரசுவது கேட்டது.
ஒரு பக்கமாக.

இரவு, எதுவும் சொல்லாமல்,
கட்டிலில் இடம் மாறி இந்தப் பக்கம் படுத்தேன்.
"என்ன புதுசா?" என்று கேட்டாள்.

கேட்டது.